ஏட்டில் இருப்பதும் நாட்டில் வழங்குவதும்

விவிலியம் என்னும் கிறிஸ்தவ வேத நூலை ஒருநாளும் கையிலெடுத்துப் பாராதவரும் அதன் கதைகள் சிலவற்றை அறிவர். ஏவாள் உண்ட அப்பிள் பழத்தையும், குழந்தை இயேசுவைக் காண ஒட்டகமேறி வந்த மூன்று அரசரையும் அறியாதார் எவர்? நத்தார் வாழ்த்து மடல்களிலே அவர்களைக் கண்டிருக்கின்றோம். பாடசாலை மேடைகளிலே நம் பிள்ளைகளே தலையில் முடி தரித்து அவ்வரசராக நடந்துவரக் கண்டு மகிழ்ந்திருக்கின்றோம். ஆயின், நூலைத் திறந்து பார்ப்பவர்க்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. அப்பிள் என்ற பெயர் அக்கதையில் இல்லை. வந்தவர் மூவர் என்ற கணக்கு இல்லை, அரசர் என்ற சொல்லும் இல்லை, ஒட்டகமும் இல்லை.

இந்துக் கல்லூரி ஒன்றிலே படிப்பிக்கும் நமக்குக் கிறிஸ்தவ நூலைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று வாசக நேயர் சிலர் வினாவக்கூடும். அவர்க்கு விடை யாழ்ப்பாணத்து வரலாற்றிலேயே உண்டு. நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் சபையைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலே பல்லாண்டு உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டிலே அச்சேறியது. பின்பு 1854இல் அவர் சைவதூஷண பரிகாரம் எழுதிக் கிறிஸ்தவப் போதகருடன் வாதிட்டபொழுது, எதிராளியின் நூலை எதிராளியினும் நன்கு அறிந்தவராகவே வாதிட்டார். ஏற்பதாயினும் மறுப்பதாயினும் முதலில் உள்ளதை உள்ளவாறு அறிதல் வேண்டும் என்பது அப்பெருமகனார் நமக்குக் காட்டிய வழி. நம் வகுப்பறைகளிலும் தெருக்களிலும் பல சமயத்தாரும் கலந்து வாழ்கின்ற இந்நாட்டில் அவ்வழி இன்றும் வேண்டப்படுவதே.

பழமும் பேழையும்

முதலிலே அப்பழத்தை எடுத்துக்கொள்வோம். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் தோட்டத்தின் நடுவே நின்ற மரத்தின் கனி என்று மட்டுமே கூறுகின்றது. எபிரேய மூலத்திலுள்ள சொல்லும் எந்தக் கனிக்கும் பொருந்தும் பொதுச்சொல்லே. பழைய யூத ஆசிரியர்கள் அஃது எக்கனி என ஆராய்ந்து, அத்தி என்றும் திராட்சை என்றும் கோதுமை என்றும் பலவாறு சொன்னார்கள், அப்பிள் என்றாரில்லை. ஆதாமும் ஏவாளும் அத்தியிலைகளைத் தைத்து உடுத்தினர் என்று அடுத்தே வருதலின், அத்தி என்பார் கூற்றுக்கு ஓரளவு வலியும் உண்டு.

அங்ஙனமாயின் அப்பிள் எப்படி வந்தது? இலத்தீன் மொழியில் தீமைக்கும் அப்பிளுக்கும் உரிய சொற்கள் ஏறத்தாழ ஒன்றாயிருத்தலே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அஸ்ஸான் யாடின்-இஸ்ரேல் என்னும் அறிஞர் 2022இல் வெளியிட்ட நூலிலே வேறொரு விளக்கந் தருகின்றார். பழைய பிரெஞ்சு மொழியிலே கனி என்ற பொதுப்பொருளில் வழங்கிய சொல்லொன்று நாளடைவில் அப்பிளை மாத்திரமே குறிக்கலாயிற்று. அதனைக் கேட்ட ஓவியர் அப்பிளையே தீட்டினர் என்பது அவர் கருத்து. 1504இல் ஜெர்மானிய ஓவியர் டியூரர் செதுக்கிய படமும், 1667இல் மில்டன் வெளியிட்ட காவியமும் அப்பிளை உலகெங்கும் நிலைநிறுத்தின.

நம் இலங்கையும் இக்கதையிலே சற்றுப் பங்குகொண்டுவிட்டது. நாம் சிவனொளிபாதம் என்று போற்றும் மலையை ஆதம் நபியின் அடி பதிந்த மலையென முஸ்லிம் மக்கள் மதிப்பர். ஆங்கிலேயரும் ஆதாம் மலை என்றே அழைத்தனர். கடித்த வடுப்போன்ற தோற்றமுடைய திவிகதுருக் காயை ஏவாளின் கனி என்றும் ஐரோப்பியர் சிலர் பெயரிட்டனர். ஆதியாகமமோ இலங்கையைப் பெயர் சுட்டிக் கூறவேயில்லை. ஏதேன் தோட்டத்து ஆற்றிலிருந்து பிரிந்தனவாக அது கூறும் நான்கு ஆறுகளுள் இரண்டு யூப்பிரட்டீசும் தைகிரீசுமாம்.

நோவாவின் பேழையும் அவ்வாறே. உயிரினங்கள் யாவும் இவ்விரண்டாக ஏறின என்பதே எல்லோரும் அறிந்தது. ஆறாம் அதிகாரம் அப்படிச் சொல்கின்றது மெய்யே. ஏழாம் அதிகாரத்தையும் படித்தாலோ, சுத்தமானவை என எண்ணப்பட்ட விலங்குகளில் எவ்வேழாகச் சேர்க்குமாறு ஆணை இருத்தலைக் காணலாம். ஓரதிகாரம் படித்து நிறுத்தினவர்கள் சொன்ன கதையே நாட்டிலே பரவியது போலும்.

மூவர் என்றது யார்?

கீழ்த்திசையிலிருந்து விண்மீனைக் கண்டு வந்தவர் கதை மத்தேயு எழுதிய சுவிசேஷத்திலே மட்டும் உள்ளது. அவர்களைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வான சாஸ்திரமும் மறைபொருள்களும் வல்ல அறிஞரைக் குறிப்பது. தமிழ் மொழிபெயர்ப்பிலும் சாஸ்திரிகள் என்றே உண்டு. அவர்கள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் காணிக்கை வைத்தனர். பொருள் மூன்றாயிருத்தலின் ஆளும் மூவராதல் வேண்டும் என்று பிற்காலத்தார் கணக்கிட்டனர். சிரிய நாட்டுக் கிறிஸ்தவர் சிலர் பன்னிருவர் என்றும் எண்ணினர். அரசர் காணிக்கை கொண்டுவருதலைப் பாடும் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளை இதனோடு பொருத்தி, அறிஞர்க்கு முடி சூட்டியதும் பின்னாளிலேதான். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்னும் பெயர்களும் பின் வந்தனவே.

இன்னுமொன்று. மாட்டுக் கொட்டிலிலே இடையரும் அரசரும் ஒருங்கே நிற்பதாகப் படங்களில் காண்கின்றோம். இடையர் வருகையைக் கூறுபவர் லூக்கா. அவர் சாஸ்திரிகளைக் கூறவில்லை. சாஸ்திரிகளைக் கூறுபவர் மத்தேயு. அவர்கள் ஒரு வீட்டினுள் சென்று பிள்ளையைக் கண்டதாகவே அவர் எழுதுகின்றார். இரண்டு நூல்களை ஒரே படத்துள் அடக்கியவர் ஓவியர்.

இதனாற் கத்தோலிக்க மக்கள் கொண்டாடும் மூவிராசாக்கள் திருநாளோ, அப்பெயரால் அவர்கள் ஆடிவந்த நாடகமோ மதிப்பிழந்துவிடும் என்று எவரும் எண்ணற்க. மரபு வேறு, மூலநூல் வேறு. மரபுக்கென ஓர் அழகும் பயனும் உண்டு. எது எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்வதே நாம் வேண்டுவது.

இல்லாத வாக்கியங்கள்

கதைகளே அன்றி, விவிலியத்தில் இல்லாத பழமொழிகளும் விவிலிய வாக்கெனச் சான்று காட்டப்படுகின்றன. தனக்குத் தானே உதவுபவனுக்கே தெய்வம் உதவும் என்பது அவற்றுள் ஒன்று. பேச்சுப் போட்டிகளிலே மாணாக்கர் இதனை விவிலியத்தின் மேல் ஏற்றிச் சொல்லக் கேட்கின்றோம். இக்கருத்து ஈசாப் கதையொன்றில் உள்ளது. சேற்றில் புதைந்த வண்டியின் பக்கத்தே நின்று தெய்வத்தை அழைத்தவனுக்கு, முதலில் உன் தோளைச் சில்லிலே கொடு என்று தெய்வம் கூறிய கதை அது. அமெரிக்கராகிய பெஞ்சமின் பிராங்க்ளின் தமது 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்திலே இம்மொழியைச் சேர்த்து வெளியிட்டார். விவிலியத்திலே சோம்பலைக் கடியும் மொழிகள் பல உண்டு. ஆயினும், தனக்குதவ ஆற்றலில்லாத ஏழைக்கும் கைம்பெண்ணுக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் தெய்வம் துணை என்பதே அந்நூலிலே திரும்பத் திரும்ப ஒலிப்பது. இப்பழமொழியை அதன்மேல் ஏற்றுபவர், அறியாமலே அந்நூலின் நெஞ்சைத் திருப்பிவிடுகின்றனர்.

துப்புரவு தெய்விகத்துக்கு அடுத்தது என்பது மற்றொன்று. சுகாதார வாரங்களிலே சுவரில் எழுதத் தக்க நன்மொழியே. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஜோன் வெஸ்லி என்னும் போதகர் தமது பிரசங்கமொன்றில் இதனை எடுத்தாண்டார். அவர் வழிவந்த சபையார் 1814இல் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகள் அமைத்தவர்கள். பிரசங்கியார் வாக்கும் வேத வாக்கும் கேட்போர் நினைவில் ஒன்றாய்க் கலந்துவிடுதல் எல்லாச் சமயத்திலும் நிகழ்வதே.

பாதி வாக்கியத்தின் கேடு

இல்லாததைச் சேர்ப்பதினும் இருப்பதைப் பாதியாகச் சொல்வது கேடு மிக்கது. பணமே தீமைகளுக்கெல்லாம் வேர் என்று விவிலியம் கூறுவதாகச் சொல்வர். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைப் பார்க்குக. அங்கே வேர் என்று கூறப்பட்டது பணம் அன்று, பணத்தின்மேல் வைத்த ஆசை. கிரேக்க மூலத்திலே வெள்ளியை விரும்புதல் என்னும் பொருள்தரும் ஒரே சொல் நிற்கின்றது. தமிழ் மொழிபெயர்ப்பும் ஆசையைத் தெளிவாகவே கூறுகின்றது. திருவள்ளுவர் பொருள் செயல்வகை என்று ஓரதிகாரமும் வெஃகாமை என்று ஓரதிகாரமும் வகுத்ததை அறிந்த தமிழ் மாணாக்கர்க்கு இவ்வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்பதைப் பழிவாங்குவதற்குக் கிடைத்த அனுமதி எனக் கொள்வாரும் உளர். யாத்திராகமத்திலே வரும் அவ்விதி தனியொருவன் கையிலே வாளைக் கொடுப்பதன்று. நீதி வழங்குவோர்க்குத் தண்டனையின் எல்லையை வரையறுப்பது. அதற்கு முன்னைய நிலை யாது? ஆதியாகமத்திலே லாமேக்கு என்பவன், தன்னைக் காயப்படுத்தினவனைக் கொன்றதாகவும், தனக்காக எழுபத்தேழு மடங்கு பழிவாங்கப்படும் எனவும் தன் மனைவியர்முன் பெருமை பேசுகின்றான். அத்தகைய உலகிலே ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணே என்றது சினத்துக்கு இட்ட கடிவாளம். அதே அதிகாரத்திலே, அடிமையின் கண்ணைக் கெடுத்த எசமான் அக்கண்ணுக்கீடாக அவனை விடுதலை செய்து அனுப்ப வேண்டும் என்று விதித்திருத்தலும் நோக்கத் தக்கது. யூத சட்ட அறிஞர்கள் பின்னர் இவ்விதியை நட்டஈடு கொடுத்தல் என்றே விளக்கினர். இயேசுநாதரோ மலைப்பிரசங்கத்திலே இப்பழைய விதியை எடுத்துக் கூறி, அதனையுங் கடந்து, தீங்குக்குத் தீங்கு செய்யாமையைப் போதித்தார். ஆதலின், விவிலியமே பழிவாங்கச் சொல்கின்றது என்பார் பாதி வழியிலே நின்றுவிட்டவராவர். பழியும் எதிர்ப்பழியுமாகப் பல்லாண்டு துன்புற்ற நாட்டிலே வாழும் நாம் இதனைச் சரிவரப் படித்தல் மிக அவசியம்.

ஒரு பெண்ணின் பெயர்

இனி, தவறான வாசிப்பு ஒருத்தியின் நற்பெயரை எங்ஙனம் அழித்தது என்பதைக் காண்போம். மகதலேனா மரியாள் என்றதும் திருந்திய விலைமகள் என்ற எண்ணமே பலர்க்கும் எழும். நான்கு சுவிசேஷங்களில் எதிலும் அவ்வாறு ஒரு சொல் இல்லை. அவள் கலிலேயக் கடலோரத்து மக்தலா என்னும் ஊரினள். ஏழு பேய்களால் வருந்தி நலம் பெற்றவள். வேறு பெண்களோடு சேர்ந்து தன் பொருள் கொண்டு இயேசுநாதருக்கும் சீடருக்கும் உதவியவள். இவை லூக்கா எட்டாம் அதிகாரம் தருஞ் செய்திகள். இதற்கு முந்திய ஏழாம் அதிகாரத்திலே, பாவியெனக் கூறப்பட்ட பெயரில்லாத பெண்ணொருத்தி இயேசுநாதரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தைலம் பூசுகின்றாள். யோவான் சுவிசேஷத்திலே பெத்தானியாவூர் மரியாள் என்னும் வேறொருத்தி தைலம் பூசுகின்றாள்.

உரோமைப் போப்பாகிய முதலாம் கிரகோரியார் 591ஆம் ஆண்டிலே நிகழ்த்திய பிரசங்கமொன்றிலே இம்மூவரையும் ஒருத்தியே என்றார். கீழைத் திருச்சபைகள் அதனை ஏற்கவில்லை. மேலைநாட்டிலோ அதுவே வழக்காகியது. ஓவியமும் நாடகமும் அதனையே பெருக்கின. அவள் பெயர் ஒழுக்கந் தவறிய பெண்ணைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் ஆயிற்று. அயர்லாந்திலே வழிதவறியவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களை அடைத்து, கூலியின்றிச் சலவைத் தொழில் செய்வித்த விடுதிகளுக்கும் அவள் பெயரே இடப்பட்டது. அவற்றுட் கடைசி விடுதி மூடப்பட்டது 1996இல். அந்நாட்டு அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2013இல்.

சுவிசேஷங்கள் அவளைப் பற்றி வற்புறுத்திச் சொல்வது யாது? சிலுவையண்டை நின்றவள்; கல்லறைக்கு விடியற்காலையிலே சென்றவள்; உயிர்த்தெழுந்தவரை முதலிற் கண்டு சீடருக்கு அறிவித்தவள் என்று யோவான் கூறுகின்றார். தலைமைச் சாட்சியை மறந்து, அவள்மேல் இல்லாத பழியை ஆயிரத்து நானூறு ஆண்டு சுமத்தினர். உரோமைத் திருச்சபை 1969இல் தனது வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபொழுது அக்கலப்பை நீக்கியது. 2016இல் அவள் நினைவு நாளை அப்போஸ்தலர்க்கு உரியது போன்ற விழாவாக உயர்த்தியது. நூலை மீண்டும் படித்ததால் விளைந்த நீதி இது.

யார்மேல் விழுந்த சாபம்?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கறுத்த மக்கள் அடிமையாயிருத்தல் நோவாவின் மகன் காமின்மேல் விழுந்த சாபம் என்று, அமெரிக்க அடிமை முதலாளிகளும் அவர்க்குத் துணைநின்ற போதகரும் வாதிட்டு வந்தனர். 1865இலே சட்டத் திருத்தத்தால் அங்கே அடிமைமுறை ஒழியும்வரை, கோடிக்கணக்கான பணத்தையும் இலட்சக்கணக்கான உயிர்களையும் இவ்வாதம் காவல்செய்து நின்றது.

ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தால் காண்பது என்ன? நோவா மதுவுண்டு கூடாரத்திலே ஆடை விலகிக் கிடந்தார். காம் கண்டு தன் சகோதரர்க்குச் சொன்னான். அவர்கள் புறமுகமாகச் சென்று தந்தையைப் போர்த்தனர். விழித்த நோவா சபித்தது காமை அன்று, காமின் மகனாகிய கானானை. காமுக்குக் கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான் என நான்கு மைந்தர். எகிப்துக்குத் தெற்கேயுள்ள கறுத்த மக்களோடு தொடர்புடைய பெயர் கூஷ். அவன்மேற் சாபம் இல்லை. தோல் நிறத்தைப் பற்றியோ ஓரெழுத்தும் இல்லை. அதுமட்டுமன்று, எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்திலே மோசே கூஷ் நாட்டுப் பெண்ணை மணந்ததற்காக அவர் தமக்கை மிரியாம் குறைகூறுகின்றாள், தெய்வம் ஒறுத்தது குறைகூறிய மிரியாமை. ஒரு பெயரைக் கவனித்துப் படித்திருந்தால் வீழ்ந்திருக்கும் வாதம், பேராசைக்கு உதவியதால் தலைமுறை தலைமுறையாக நின்றது.

நமது வீட்டிலும்

இவற்றைப் படித்து, பிறர் சமயத்தார் தம் நூலையே அறியார் என்று நம்மவர் நகைத்தல் தகாது. இராவணன் வந்தபொழுது சீதை கடந்ததாகச் சொல்லப்படும் இலக்குமணன் கோடு வான்மீகி ஆரணிய காண்டத்திலே இல்லை, கம்பரிலும் இல்லை. கம்பர் இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்ததாகவே பாடுகின்றார். எனினும், பெண் வீட்டு வாயிற்படி தாண்டலாகாது என்பதற்கு அக்கோட்டையே எத்தனை பேர் இன்றும் சான்று காட்டுகின்றனர்! மகதலேனா மரியாளுக்கு நேர்ந்ததையும் இதனையும் ஒருங்குவைத்து நம் சகோதரிகள் எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே. எச்சமயத்து நூலைப் பற்றியாயினும் ஒருவர் ஒரு வாக்கைச் சொன்னால், பணிவோடு மூன்று கேள்வி கேளுங்கள். அஃது எந்த நூலில், எந்த அதிகாரத்தில் உள்ளது? யார், யாருக்குச் சொன்னது? முன்னும் பின்னும் யாது உள்ளது? இரண்டாம் கேள்வியை எளிதென எண்ணவேண்டாம். மத்தேயு நான்காம் அதிகாரத்திலே இயேசுநாதரைச் சோதிக்க வந்த சாத்தானும் சங்கீதத்திலிருந்து வாக்கெடுத்தே பேசுகின்றான். நூலில் உள்ள சொல் என்பதனாலேயே அது நூலின் கருத்து ஆகிவிடாது.

விவிலியம் தமிழிலே எளிதிற் கிடைப்பது, வாசிகசாலைகளிலும் உண்டு. அயல்வீட்டுக் கிறிஸ்தவ அன்பரிடம் கேட்டால் மகிழ்ந்து தருவார். அவரும் நம் திருமுறையையோ திருக்குறளையோ கேட்பாராயின் நாமும் அவ்வாறே கொடுப்போம். வாங்கிய நூலை இரண்டு அதிகாரமாவது நிறுத்தாமற் படித்தபின் திருப்பிக் கொடுத்தல் நன்று.